இறக்கும் சொல்

மேற்கே தேரிக்காடு, கிழக்கே கடல், நடுவில் மாதா கோயில் என்று கிடக்கும் சேந்தமணலுக்கு, ஒரு மாசி மாதத்து முற்பகலில், கஸ்பாரின் மனைவி தெக்ளா இத்தாலியிலிருந்து திரும்பி வந்தாள். போனபோது எட்டு வயதாயிருந்த மகள் இசபெல் இப்போது கல்யாணத்துக்கு நிற்கும் பெண். போனபோது கறுத்திருந்த கஸ்பாரின் மீசை இப்போது உப்புப் பூத்திருந்தது. போனபோது வழியனுப்ப வந்த முகங்களில் பாதி கல்லறைத் தோட்டத்துக்குப் போய்விட்டன. தெக்ளா பெட்டி நிறைய சோப்பும் சாக்லேட்டும் கம்பளிப் போர்வையும் கொண்டுவந்தாள். ஆனால் அவள் கொண்டுவந்ததில் ஊர் இன்றைக்கும் பேசுவது பெட்டியில் இல்லாத ஒன்றைப் பற்றித்தான். அது ஒரு சொல்.

அங்கே மலைமேல் ஒரு கல் வீட்டில், அசுந்தா என்ற நோயாளி அம்மாளுக்கு அவள் கையும் காலுமாக இருந்தாள். அந்த அம்மாளுக்கு வெளிச்சம் ஆகாது, சத்தம் ஆகாது, உயரம் ஆகாது. சன்னல் திரையை இறக்கு என்பதற்கு ‘கலாரே’ என்பாள். டிவி சத்தத்தைக் குறை என்பதற்கும் ‘கலாரே’ என்பாள். கட்டிலின் தலைமாட்டைத் தாழ்த்து, அடுப்பைத் தணி, குரலைத் தாழ்த்திப் பேசு, எல்லாவற்றுக்கும் அவளுக்கு அந்த ஒரு சொல்தான், வேற்று நாட்டுக்காரிக்குப் புரிய வேண்டுமே என்று அதை ஆளுக்கும் காலத்துக்கும் தக்கபடி வளைக்காமல் முழுசாகவே சொல்வாள். கடைசியில் அவளைப் பெட்டியில் வைத்துக் கயிறு போட்டுக் குழிக்குள் விட்டபோது, குழி வெட்டியவன் கூட நின்றவனிடம் சொன்னதும் அதேதான். மற்ற இத்தாலியச் சொற்களெல்லாம் விமானத்தில் வரும் வழியிலேயே தெக்ளாவுக்கு மறந்துபோயின. இது மட்டும் நாக்குக்கு அடியில் ஒட்டிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தது.

அவள் வந்த வாரத்தில் அந்தோணியார் குருசடியில் கொடியேற்றம். கஸ்பார் வீட்டுக்கு எதிர்க் கம்பத்தில் குழாய் ரேடியோவைக் கட்டியிருந்தார்கள். விடிந்ததிலிருந்து அது பாடிக்கொண்டிருந்தது. தலைவலியோடு படுத்திருந்த தெக்ளா, எந்த நாட்டில் கிடக்கிறோம் என்பதே பிடிபடாத அரைத் தூக்கத்தில், கண்ணைத் திறக்காமலே “கலாரே” என்றாள். பாட்டு இறங்கியது. கம்பத்தின் உச்சியிலிருந்து, ஏணியில் கவனமாகக் காலூன்றி இறங்குகிறவனைப் போல, நடுக்கம்பத்துக்கு வந்து, ஆள் உயரத்துக்கு வந்து, கணுக்கால் உயரத்துக்கு வந்து, பிறகு மண்ணுக்குள் போய்விட்டது. ரேடியோக்காரன் வயரை மாற்றினான், ஆம்ப்ளிபயரைத் தட்டினான், குழாயைக் கழற்றி ஊதிப் பார்த்தான். அந்தக் குழாயில் அதற்குப் பிறகு ஒரு சத்தமும் ஏறவில்லை.

மறுநாள் பக்கத்து வீட்டு பிலோமி கைக்குழந்தையோடு வந்து நின்றாள்.

“மதினி, நேத்து நீங்க என்னமோ சொன்னீயளாம். ரேடியோ அடங்கிட்டுன்னு சொல்லுதாவ.”

“தூக்கத்துல என்ன சொன்னேனோ, பிலோமி.”

“அதையே எம் பிள்ளைக்கும் சொல்லுங்களேன். ராத்திரியிலேருந்து உடம்பு கொதிக்கி. ஆஸ்பத்திரி மருந்து ஒண்ணும் கேக்கல.”

தெக்ளா குழந்தையைப் பார்த்தாள். சொல்வதில் என்ன நட்டம் என்று நினைத்துச் சொன்னாள். கொதிப்பு நெற்றியை விட்டுக் கழுத்துக்கும், கழுத்தை விட்டு வயிற்றுக்கும், அங்கிருந்து பாதத்துக்கும் இறங்கியதை பிலோமி தன் கையாலேயே தொட்டுத் தொட்டுத் தொடர்ந்தாள். பாதத்திலிருந்து அது சொட்டாகக் கீழே விழுந்தது, விழுந்த இடத்தில் மணல் ஒரு கணம் சிவந்து அணைந்தது. குழந்தை பெருமூச்சு விட்டுத் தூங்கிவிட்டது. பிலோமி தெக்ளாவின் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனாள்.

அதற்குப் பிறகு ஊர் அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டது. சேந்தமணல்காரர்களுக்கு வந்தது எதுவானாலும் சட்டியில் போட்டு வதக்கித் தங்கள் ருசிக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். ‘கலாரே’யையும் அப்படித்தான் செய்தார்கள். “கால் வீங்கிக் கிடக்கு, தெக்ளா மதினிட்டப் போயி கலாரிட்டு வாரேன்” என்றார்கள். “பிரஷரு கலாரிட்டா?” என்று விசாரித்துக்கொண்டார்கள். புருசன் பெண்டாட்டி சண்டையில் ஒருத்தி குரலை உயர்த்தினால் பக்கத்து வீட்டில் இருந்து “ஏட்டி, கொஞ்சம் கலாரு” என்று சத்தம் வந்தது. சொல்லை யார் வேண்டுமானாலும் சொன்னார்கள்; ஆனால் தெக்ளா சொன்னால்தான் இறங்கியது. அவள் வீட்டு முற்றத்தில் காலையிலேயே ஆட்கள் வந்து உட்கார்ந்தார்கள். வீக்கத்தை இறக்கினாள், இருமலை இறக்கினாள், குடித்துவிட்டு வந்தவனின் ஏறிய போதையை இறக்கினாள். ஐப்பசியில் ஒரு பெரிய காற்று கடலுக்குள் கிளம்பி ஊரைப் பார்த்து வந்தபோது, அவளைக் கையைப் பிடித்துக் கரைக்குக் கூட்டிப்போனார்கள். அவள் முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு காற்றைப் பார்த்துச் சொன்னாள், காற்று மண்டி போட்டு மணலுக்குள் இறங்கியது.

மரியபுஷ்பம் என்ற பெண்ணின் மகன் கடலில் போய்த் திரும்பாதவன். அவள் அழுகையை நிறுத்த முடியாமல், சோறு உண்ணும்போதும் அழுது, பூசை காணும்போதும் அழுது, தன் அழுகையால் தானே களைத்துப்போய் ஒரு நாள் தெக்ளாவிடம் வந்தாள். “இதைக் கொஞ்சம் எறக்கிவிடு தாயி, தாங்க முடியல” என்றாள். தெக்ளா இறக்கிவிட்டாள். மரியபுஷ்பம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கறி வாங்க வேண்டும் என்று எழுந்து போனாள்.

இறங்கியதெல்லாம் எங்கே போயிற்று என்று முதலில் யாரும் கேட்கவில்லை. பிறகு கோயில் கிணற்றில் தண்ணீர் இறைக்கப் போன பெண்கள், வாளி தண்ணீரைத் தொடும் இடத்தில் கொடியேற்றத்துப் பாட்டு ஓடிக்கொண்டிருப்பதைக் கேட்டார்கள். பாடுகிறவன் மிகவும் களைத்துப்போனவனைப் போல, ஒவ்வொரு வரிக்கும் நடுவில் நெடுநேரம் நிறுத்தி நிறுத்திப் பாடினான். தெக்ளா வீட்டில் விழுந்த காய்ச்சல் பிலோமிக்குப் பின்னாலேயே போயிருந்தது, அவள் வீட்டு வாசலில் ஒரு முறம் அகலத்துக்கு மணல் சுட்டது. இறக்கிய காற்று வீடுகளுக்குள் கணுக்கால் உயரத்தில் சுற்றியது. மேலே விளக்குச் சுடர் அசையாமல் நிற்க, கீழே பெண்களின் சேலைக் கரை படபடத்தது. நாய்கள் தரையில் படுப்பதை விட்டுவிட்டுக் கவிழ்த்துப் போட்ட வள்ளங்களின் மேல் ஏறிப் படுத்தன.

ஊர் இதற்கும் பழகியது. சுடும் மணலில் கருவாடு காயப் போட்டார்கள், சீக்கிரம் காய்ந்தது. காற்றுக்காகச் சேலைக் கரையில் சின்ன ஈயக் குண்டுகளை வைத்துத் தைத்துக்கொண்டார்கள், நடந்தால் மெல்லக் கிணுகிணுத்தது. கிணற்றுப் பாட்டுக்குக் குழந்தைகள் தாளம் போட்டார்கள். மரியபுஷ்பம் மட்டும் தன் வீட்டு நடுக்கூடத்தில் பாய் விரிப்பதில்லை. அந்த இடத்தில் தரைக்கு அடியில் யாரோ விக்கி விக்கி அழுதார்கள், அது தன் குரல்தான் என்று அவளுக்குத் தெரிந்தது, ஆனால் எதற்காக அழுகிறாள் என்பதை யாரோ சொல்லக் கேட்டதுபோல்தான் நினைவிருந்தது.

இவ்வளவு நடந்தும் தெக்ளா தன் வீட்டுக்குள் ஒன்றையும் இறக்கவில்லை. அங்கே இறக்க வேண்டியது ஒன்று இருந்தது. அதைப் பார்த்து அவளுக்குப் பயம்.

இசபெல் கோபக்காரி. ஐஸ் கம்பெனிக்காரன் நேற்றைய ஐஸை இன்றைய ஐஸ் என்று போட்டால் அங்கேயே நின்று கேட்பாள். கரண்ட் ஆபீசில் போய்க் கேட்பாள். பங்குச் சாமியாரிடமும் கேட்பாள். ஊரில் பாதிப்பேர் அந்தக் கோபத்தை நம்பித்தான் தங்கள் காரியங்களை அவளிடம் கொடுத்தார்கள். அதில் பெரும்பங்கை அவள் அம்மாவுக்கு என்று தனியாக எடுத்து வைத்திருந்தாள். தெக்ளா சமைத்ததைத் தொடமாட்டாள், தனக்குத் தானே கஞ்சி வைத்துக் குடிப்பாள். அம்மா கொண்டுவந்த கம்பளியை நாய்க்குப் போட்டாள். நேருக்கு நேர் பேசுவதில்லை. எதிரில் நிற்கிறவளைப் பற்றி கஸ்பாரிடம், “யப்பா, அந்தம்மாவ என் சட்டையத் துவைக்க வேண்டாம்னு சொல்லுங்க” என்பாள். கஸ்பார் வலையைப் பார்த்துக்கொண்டே தலையாட்டுவான். அவன் மனைவியையும் விட்டுக்கொடுக்கமாட்டான், மகளையும் விட்டுக்கொடுக்கமாட்டான். அதனால் இருவருக்கும் நடுவில் ஒரு கதவைப் போல இருந்தான்.

பெண் கேட்டு மணப்பாட்டிலிருந்து ஆள் வந்த அன்று அது வெடித்தது. பையன் தூத்துக்குடியில் கப்பல் வேலை. மாப்பிள்ளையின் தாயார் தெக்ளாவைப் பார்த்து, “பிள்ளைய நல்லா வளத்திருக்கீய” என்று மரியாதைக்குச் சொன்னாள். காப்பித் தட்டோடு நின்ற இசபெல் தட்டைக் கீழே வைத்தாள்.

“இவிய வளக்கல” என்றாள். “நான் வயசுக்கு வந்தப்ப பிலோமி அத்தைதான் துணி மடிச்சுத் தந்தாவ. மஞ்சக் காமாலையில கெடந்தப்ப எங்கப்பா தோள்ல தூக்கிட்டு ஓடினாவ. இவிய போன்ல இருந்தாவ. அந்த நாற்காலியில எங்கம்மான்னு உக்காருறதுக்கு இவியளுக்கு என்ன இருக்கு?”

வந்தவர்கள் காப்பியை எடுக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் இருந்தார்கள். இசபெலின் குரல் ஏறிக்கொண்டே போனது. அவள் சொன்ன ஒவ்வொன்றும் உண்மை என்பதுதான் தெக்ளாவால் தாங்க முடியாமல் இருந்தது. வாயைப் பொத்தப் போனவள் பொத்துவதற்குள், நாக்குக்கு அடியில் இருந்தது தானாகப் புரண்டு வெளியே வந்துவிட்டது.

“கலாரே.”

இசபெல் பாதி வார்த்தையில் நின்றாள். கழுத்து நரம்பு தளர்ந்தது, தோள் தாழ்ந்தது, பெருவிரல் தரையை ஒருமுறை கீறியது. சமையலறைக்குப் போகும் வழியில் சிமெண்டுத் தரை மெல்ல அதிர்ந்தது, கனமான ஒன்றைக் கீழ்த்தளத்தில் இறக்கிவைத்ததைப் போல. இசபெல் குனிந்து காப்பித் தட்டை எடுத்தாள்.

“எடுத்துக்கிடுங்க அத்தை, ஆறிடும்” என்றாள். பிறகு தெக்ளாவின் பக்கம் திரும்பி, “உக்காருங்கம்மா” என்றாள்.

கல்யாணத்துக்கு ஈஸ்டர் கழித்து நாள் குறித்துவிட்டுப் போனார்கள்.

தெக்ளா முதல் சில நாட்கள் சந்தோஷமாக இருந்தாள், அதைச் சொல்லாமல் விடக்கூடாது. மகளுக்குத் தலை வாரிப் பின்னினாள். பின்னல் அவள் நினைத்ததைவிட மெல்லிசாக இருந்தது. அவள் பக்கத்தில் படுத்துத் தூங்கினாள். மீன் குழம்பு வைத்துத் தட்டில் போட்டுக் கொடுத்தாள், இசபெல் சாப்பிட்டாள். நல்லாயிருக்கா என்றால் நல்லாயிருக்கும்மா என்றாள். ஒரு மத்தியானம் கஸ்பார் ஒரு வாய் எடுத்து வைத்துவிட்டு முகத்தைச் சுளித்தான். “உப்பே போடலையே” என்றான். தெக்ளா மகளைப் பார்த்தாள். இசபெல் தட்டை வழித்து முடித்திருந்தாள்.

“உப்பு இல்லையேம்மா, நீ ஒண்ணும் சொல்லலையே?”

“நல்லாத்தான் இருந்துதும்மா.”

அதற்குப் பிறகு தெக்ளா பார்க்கத் தொடங்கினாள். ஐஸ் கம்பெனிக்காரன் பழைய ஐஸைப் போட்டான், இசபெல் வாங்கிக்கொண்டு வந்தாள். யாராவது தள்ளிவிட்டு முன்னால் போனால் ஒதுங்கி நின்றாள். ரவிக்கைகள் தொளதொளத்தன. மணலில் நடந்தால் அவள் தடம் கோழி நடந்த தடத்தைவிட லேசாகப் பதிந்தது. மத்தியான வெயிலில் முற்றத்தில் நின்றாலும் அவள் நின்ற இடம் சாயங்காலம் போல இருந்தது. கூப்பிட்டால் பதில் வரும், ஆனால் அது வருவதற்கு முன்பு தூரத்தில் இருந்து நடந்து வருவதைப் போல நேரம் எடுத்துக்கொண்டது. ஒவ்வொரு நாளும் தூரம் கூடியது.

சமையலறைத் தரைக்கு அடியில் யாரோ நடந்தார்கள். குதிகால் ஊன்றி, ஆத்திரமாக, சுவருக்கும் சுவருக்கும் நடந்தார்கள். அரிசி களையும்போது பாத்திரத்துத் தண்ணீர் அந்த நடைக்கு நடுங்கியது. ஒரு நாள் வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் தெக்ளா தரையில் படுத்துச் சிமெண்டில் காதை வைத்தாள். மகளின் குரல் கேட்டது. வார்த்தை பிடிபடவில்லை, ஆனால் ஏறி ஏறி உடையும் அந்த ராகம் அவளுக்குத் தெரியும். மேலே இருக்கும் இசபெலின் குரலில் அவள் அதைக் கேட்டு மாதங்கள் ஆகிவிட்டன. அன்றிலிருந்து அவள் நேரம் கிடைத்தபோதெல்லாம் அங்கே படுத்துக் காதை வைத்தாள், திட்டு வாங்குவதற்காக. கஸ்பார் ஒரு மாலை கடலில் இருந்து திரும்பியவன், மனைவி தரையோடு பேசிக்கொண்டிருப்பதையும், மகள் அதே அறையில் மூலையில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துச் சிரித்தபடி வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பதையும் பார்த்தான். கண்ணில் தண்ணீர் இல்லாமல் வெங்காயம் உரித்தாள். வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான்.

“நம்ம பிள்ளைய எங்கட்டி வச்சிருக்க?” என்றான்.

இருவருமாக இசபெலைக் கூட்டிக்கொண்டு பங்குச் சாமியார் அம்புரோஸிடம் போனார்கள். அவர் ரோமில் படித்தவர். இசபெலை வெளியே வேப்ப நிழலில் உட்காரச் சொல்லிவிட்டு, இவர்கள் சொன்னதைக் கேட்டார். தெக்ளா அந்தச் சொல்லை வாயால் சொல்லவில்லை, எச்சரிக்கையாக விரலால் மேசையில் எழுதிக் காட்டினாள். அவர் அலமாரியிலிருந்து இத்தாலிய-ஆங்கில அகராதியை எடுத்துப் பக்கங்களைப் புரட்டினார்.

“இதுக்கு இங்கிலீஷ்ல ஏகப்பட்ட அர்த்தம் இருக்கும்மா” என்றார். “முதல்ல லோயர்னு போட்டிருக்கு. கீழ எறக்குறது.”

“அது தெரியும் சாமி.”

“ரெட்யூஸ், கொறைக்கிறது. டிராப், விழுறது. லூஸ் வெயிட், மெலியிறது.” அவர் கண்ணாடிக்கு மேலாக வெளியே பார்த்தார். இசபெலின் ரவிக்கைக் கை காற்றில்லாமலே ஆடியது. “வேன், அது நிலா தேயுறதுக்குச் சொல்றது. செட், சூரியன் அடையிறதுக்கு. நைட் ஃபாலிங், இருட்டு எறங்குறது.” அவர் குரல் தாழ்ந்துகொண்டே வந்தது. “சிங்க். மூழ்கிப்போறது.”

தெக்ளா இரண்டு கையாலும் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். நான் ஒன்றைத்தான் நினைத்துச் சொன்னேன், சொல் அத்தனையையும் செய்துகொண்டிருக்கிறது என்று அவளுக்குப் புரிந்தது. மெலிந்தாகிவிட்டது, தேய்ந்தாகிவிட்டது, நின்ற இடத்தில் சாயங்காலம் வந்துவிட்டது. மிச்சம் இருப்பது கடைசி ஒன்று.

“முடிஞ்சுதா சாமி?” என்று கஸ்பார் கேட்டான்.

“இன்னொண்ணு கீழ சின்ன எழுத்துல இருக்கு. லெட் டவுன் நெட்ஸ். கடல்ல வலை விடுறதுக்கும் இந்தச் சொல்தானாம்.”

கஸ்பார் தன் உள்ளங்கையைப் பார்த்தான். “வலையக் கீழ விடுறது கீழயே கெடக்குறதுக்கு இல்லியே சாமி” என்றான்.

அன்று சாயங்காலம் கோயில் முன்னால் ஊர் கூடியது. அந்தச் சொல்லாலேயே தரைக்குள் வலை விட்டு மகளின் கோபத்தை மேலே இழுக்கப்போவதாகக் கஸ்பார் சொன்னான். இறங்கியவையெல்லாம் கீழே ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன, ஒன்றை இழுத்தால் எல்லாம் வரும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. காற்று திரும்பி வந்தால் கூரை போகும் என்றான் ஒருவன். பிரஷர் திரும்பி வந்தால் நான் போவேன் என்றார் இன்னொருவர். மரியபுஷ்பம் எழுந்து, “எனக்கு என் அழுகை வேணும். எம் மகன் செத்ததுக்கு ஊர்க்காரி மாதிரி நிக்கேன்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். பிறகு எல்லோரும் பிலோமியைப் பார்த்தார்கள்.

“பிலோமி சம்மதிச்சாத்தான் செய்வேன்” என்றாள் தெக்ளா. “மொதல்ல எறக்குனது அவ பிள்ளைக்கு.”

பிலோமி குழந்தையைத் துண்டு மேல் துண்டாகச் சுற்றி வைத்திருந்தாள். காய்ச்சல் போன நாளிலிருந்து அது வேர்த்ததில்லை, அடம் பிடித்ததில்லை. தொட்டால் ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த மீனைப் போலச் சில்லென்று இருக்கும். அவள் இதை யாரிடமும் சொன்னதில்லை. இப்போது துண்டை விலக்கி, குழந்தையின் காலை எடுத்துத் தெக்ளாவின் கன்னத்தில் வைத்தாள்.

“காச்சல் வந்தா மாத்திரை இருக்கு மதினி” என்றாள். “இழுங்க.”

மறுநாள் காலை கஸ்பார் தன் வலையைத் தோளில் போட்டுச் சமையலறைக்குள் கொண்டுவந்தான். அடுப்பையும் பானைகளையும் ஒதுக்கிவிட்டுத் தரை முழுக்க விரித்தான். வலைக் கயிறு வாசல் தாண்டி முற்றம் தாண்டித் தெருவுக்குப் போனது. தெருவில் ஆணும் பெண்ணுமாக ஊர் அதைப் பிடித்துக்கொண்டு நின்றது. மூலையில் இசபெல் சொன்ன இடத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் முதுகுக்குப் பின்னால் இருந்த சுவரின் விரிசல் அவள் வழியாகத் தெரிந்தது. தெக்ளா வலையைப் பார்த்து, வலையை மட்டும் பார்த்து, அந்தச் சொல்லைச் சொன்னாள்.

ஈயக் குண்டுகள் சிமெண்டுக்குள் முங்கின. பிறகு வலை, முடிச்சு முடிச்சாக, தரை தரையாகவே இருக்க, உள்ளே போனது. மிதவைக் கட்டைகள் மட்டும் சிமெண்டின் மேல் வட்டமாக மிதந்து லேசாக ஆடிக்கொண்டிருந்தன. கஸ்பார் கயிற்றில் கையை வைத்து, கண்ணை மூடி, கடலில் எப்படிக் காத்திருப்பானோ அப்படிக் காத்திருந்தான். ஒரு கட்டை முங்கி எழுந்தது. இன்னொன்று முங்கி, எழவில்லை.

“இழுங்கலே” என்றான்.

ஊர் இழுத்தது. மெல்லிய ஐலசா ஒன்று தெருவில் இருந்து எழுந்து, அடங்கி, எழுந்தது. முதலில் காற்று வந்தது. அடுப்புச் சாம்பலை வாரிக்கொண்டு வாசல் வழியாகப் போய், இரண்டு கூரைகளைத் தூக்கிக் கடல் பக்கம் போட்டது. கோயில் கிணற்றிலிருந்து பாட்டு எழும்பி ஊர்மேல் போனது. பிறகு வலை சுட்டது. பிடித்தவர்கள் முந்தானையாலும் தலைத்துண்டாலும் பிடித்தார்கள், விடவில்லை. பிலோமியின் குழந்தை வீறிட்டு அழுது உடம்பெல்லாம் வேர்த்தது, பிலோமி ஈரத் துணியை எடுத்துக்கொண்டு ஓடினாள். வீங்கிய காலோடு ஒருவர் உட்கார்ந்தார். கயிற்றில் நின்ற மரியபுஷ்பம் கையை விடாமலே மகன் பேரைச் சொல்லி அழத் தொடங்கினாள். பக்கத்தில் நின்றவள் ஒரு கையால் கயிற்றையும் ஒரு கையால் அவளையும் பிடித்துக்கொண்டாள்.

கடைசி இழுவை வரவில்லை. வலையில் மீன் வந்து சேரும் மடி தரைக்கு அடியில் சிக்கியதுபோல் நின்றது. பெரிய பாரை மீன் அகப்பட்டதைப் போலக் கயிறு அதிர்ந்து கஸ்பாரின் உள்ளங்கையை அறுத்தது. அவன் கையை எடுக்கவில்லை. தெக்ளா அவனுக்குப் பின்னால் நின்று இடுப்பைக் கட்டிக்கொண்டு இழுத்தாள். மடி வெளியே வந்தபோது அது காலியாகத்தான் இருந்தது. ஆனால் வலையிலிருந்து தரையில் ஒரு ஈரத் தடம் விழுந்தது. அதற்கு முன்னால் இன்னொரு தடம். குதிகால் ஆழப் பதிந்த, பெண்பிள்ளையின் தடங்கள் ஒவ்வொன்றாக அறையைக் கடந்து மூலைக்குப் போய், இசபெலின் பாதத்துக்கு நேரே வந்து நின்றன. அவள் குனிந்து பார்த்தாள். பிறகு காலை எடுத்து அந்தத் தடத்தின் மேல் வைத்தாள்.

சுவர் விரிசல் மறைந்தது. அவள் எழுந்து நின்றபோது அவள் எடையில் தரை அதிர்ந்தது. பிறகு அவள் அம்மாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையைக் கண்டு வாசலில் நின்றவர்கள் கயிற்றைக் கீழே போட்டுவிட்டு, அவரவர் வீட்டைப் பார்க்கப் போனார்கள்.

“என்னையே எறக்கிட்ட, இல்லியா?” என்றாள் இசபெல். “விட்டுட்டுப் போனது பத்தலன்னு, இருந்ததையும் பிடுங்கிக் கீழ போட்ட. நான் அங்க கெடந்து கத்தினேன். நீ மேல தலை பின்னிக்கிட்டு இருந்த.”

தெக்ளாவின் நாக்குக்கு அடியில் அந்தச் சொல் அசைந்தது. இப்போதும் அது வெதுவெதுப்பாக, தயாராக இருந்தது. மகளின் குரல் ஏற ஏற அதுவும் ஏறிப் பல்வரைக்கும் வந்தது. தெக்ளா பல்லைக் கடித்தாள். பிறகு பெரிய மாத்திரையை விழுங்குவதைப் போல, தலையை நிமிர்த்தி, எச்சிலோடு சேர்த்து அதை விழுங்கினாள். தொண்டையில் கீறிக்கொண்டு போனது, நெஞ்சில் கொஞ்சநேரம் நின்றது, பிறகு இறங்கிவிட்டது.

இசபெல் எட்டு வயதிலிருந்து தொடங்கினாள். விமானம் ஏறிய நாளில் தன்னைத் தூங்க வைத்துவிட்டுப் போனதைச் சொன்னாள். பள்ளிக்கூடத்தில் அம்மா பேர் எழுதச் சொன்னபோது பட்டதைச் சொன்னாள். கிறிஸ்துமஸ் கிறிஸ்துமஸாகச் சொன்னாள், எதையும் விடவில்லை. வெளியே வெயில் ஏறியது, கூரை போன வீடுகளில் ஆணி அடிக்கிற சத்தம் கேட்டது. கஸ்பார் அறுபட்ட கையில் துணியைச் சுற்றிக்கொண்டு, வலையை அள்ளி எடுத்து வெளியே போனான். இந்த முறை நடுவில் நிற்கவில்லை. தெக்ளா தரையில் உட்கார்ந்து, தலை குனியாமல் கேட்டாள். இசபெலின் தொண்டை கட்டியது. இருமினாள். தெக்ளா எழுந்து பானையில் இருந்து தண்ணீர் மொண்டு கொடுத்தாள். இசபெல் செம்பைப் பிடுங்கிக் குடித்து, புறங்கையால் வாயைத் துடைத்தாள்.

“எங்க எந்திரிக்க? இன்னும் முடியல” என்றாள். “உக்காரு.”

தெக்ளா உட்கார்ந்தாள்.